எஜிரின் திறந்த வாய்

முப்பத்தொரு வருடம் தக்கோராடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன் நான். நாற்பது டன் பெட்டியை ஒற்றை விரலால் தூக்கி, கப்பல் மேல்தளத்தில் தூங்குகிற பூனையின் மீசை அசையாமல் அதன் பக்கத்தில் இறக்கிவைப்பேன். அப்படிப்பட்ட இந்தக் குவாமெனாவை இரண்டரைக் கிலோ கேமரா ஒன்று மண்டியிட வைத்துவிட்டது.

ஓய்வு பெற்றபோது என் மகள் ஹாம்பர்கிலிருந்து அனுப்பிய டி.எஸ்.எல்.ஆர். அது. அதன் லென்ஸுக்குள் ஒரு ஆடு குட்டி போடலாம், குட்டிகளுக்கும் இடம் இருக்கும். மூன்று வருடம் சுமந்ததில் என் வலது தோள் அரை அடி இறங்கிவிட்டது. தையல்காரர் சட்டைக்கு இரண்டு கைகளையும் தனித்தனியாக அளந்து, "இது ஒருத்தருக்குத்தானா?" என்று கேட்டார்.

தோள் வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது என் படங்கள். துறைமுக வாசலுக்கு எதிரே, பாதாம் மரத்தடியில், எங்கள் ஓய்வுபெற்றோர் டிராஃப்ட்ஸ் என்னும் பலகையாட்டம் ஆடும் இடம் இருக்கிறது. காலை பத்து மணிக்குத் தொடங்கும் ஆட்டமும் வசவும் சாயங்காலக் கப்பல் சங்கு ஊதும்வரை ஓயாது. எங்கள் சாம்பியன் எஜிர், முன்னாள் கப்பல் சமையல்காரர். காயைப் பலகையில் அறைந்து அவர் வாயைத் திறந்தால், எதிரியின் ஏழு தலைமுறையும் கல்லறையில் புரண்டு படுக்கும். அந்த வாயைப் படம் எடுக்க வேண்டும் என்பதுதான் என் ஒரே ஆசை.

ஆனால் நான் அந்தப் பீரங்கியைத் தூக்கியதுமே எல்லாரும் சட்டைப் பொத்தானைப் போடுவார்கள். முதுகு நிமிரும். கைகள் முழங்காலுக்குப் போகும். எஜிர் வாயை மூடிக்கொண்டு பிஷப் மாதிரி என்னைப் பார்ப்பார். மூன்று வருடத்தில் நான்காயிரம் படங்கள் எடுத்தேன், நான்காயிரமும் பாஸ்போர்ட் படங்கள்.

இப்படியே காலம் போயிருக்கும், பக்கத்து ஊர் செகோண்டியின் ரயில்வே ஆட்கள் பந்தயம் ஆட வந்திராவிட்டால்.

அவர்களுடைய தலைவர் பிளாங்ஸன், முன்னாள் கார்டு. வெள்ளைவெளேரென்று சட்டை போட்டு வந்தவர், முறைப்படி வலது கோடியில் தொடங்கி ஒவ்வொருவராகக் கை குலுக்கி, விரலோடு விரல் கோத்துச் சொடக்குப் போட்டபடி வந்தார். என் முன்னால் நின்று கையை நீட்டினார். என் வலது கை கேமராவின் கைப்பட்டைக்குள் சிக்கிக்கொண்டிருந்தது. இழுத்தேன், வரவில்லை. அவசரத்தில் இடது கையை நீட்டிவிட்டேன்.

எங்கள் ஊரில் அதற்குப் பதில் முகத்தில் துப்பியிருக்கலாம், மரியாதை கொஞ்சம் மிஞ்சியிருக்கும். பிளாங்ஸன் நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டு, "தக்கோராடியில இப்படித்தான் வரவேற்பீங்களோ?" என்று கேட்டுவிட்டுப் பலகை முன் உட்கார்ந்தார்.

ஆட்டம் இரண்டு மணி நேரம் போனது. எஜிர் நான்கு காய்களை ஒரே தாவலில் வெட்ட வேண்டிய நேரம். கை மேலே போயிற்று. இதுதான் என்று நான் அமுக்கினேன். 'டக்ளாக்!' அந்தச் சத்தத்தில் மரத்திலிருந்த வௌவால் கூட்டம் ஐவரி கோஸ்ட் எல்லைவரை பறந்துபோயிருக்கும். எஜிர் திடுக்கிட்டுக் காயைப் பக்கத்துக் கட்டத்தில் வைத்துவிட்டார். பிளாங்ஸன் சிரித்துக்கொண்டே ஆறு காய்களை அள்ளினார்.

திங்கட்கிழமை தீர்ப்பு வந்தது. எஜிர் எழுந்து நின்று சொன்னார்.

"குவாமெனா, அடுத்த மாசம் கடைசி சனிக்கிழமை திரும்ப ஆட்டம். அன்னிக்கு அந்த ஆட்டுக்கல்லு இங்க வரக் கூடாது. வந்துச்சுன்னா அதோட சேத்து நீயும் வெளிய."

"நான் ஓரமா நின்னுக்கறேன்யா."

"ஓரமா நின்னாலும் அதோட மூக்கு நடுப் பலகைக்கு வந்துடுது. இத்தனை வருஷம் கிரேன் ஓட்டினது போதாதுன்னு வீட்டுக்கு ஒண்ணு வாங்கி வச்சிருக்கியே, கேமராங்கற பேர்ல."

கேமராவை வீட்டில் வைத்துவிட்டு நான் மட்டும் போயிருக்கலாம். ஆனால் எஜிருக்கு எழுபத்தாறு வயது. அந்த வாயை இந்த வருடம் எடுக்காவிட்டால், அடுத்த வருடம் பற்கள் மிஞ்சுமா என்பதே சந்தேகம். என் நாற்காலியும் வேண்டும், படமும் வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

நேரே ஃபீஃபியிடம் போனேன். மார்க்கெட் வட்டத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஃபீஃபி, சாவு வீடுகளுக்குப் படம் எடுப்பவன். அவனுடைய கண்ணாடி அலமாரியில் அவன் அப்பாவின் பழைய ஃபிலிம் கேமரா கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். ரேஞ்ச்ஃபைண்டர் வகை. இரண்டு மக்காச்சோளக் கென்கே உருண்டையில் ஒன்றைத் தின்றுவிட்டு, மிச்சமிருக்கும் ஒன்றின் பக்கத்தில் வைத்தால் அதைவிடச் சின்னதாகத் தெரியும்.

"மாமா, அது உங்களுக்கு எதுக்கு?" என்றான் ஃபீஃபி. "சத்தமே வராது அதுல. எடுத்தோமா இல்லையான்னு நமக்கே தெரியாது."

அமுக்கிப் பார்த்தேன். எறும்பு தும்மியது போல ஒரு சத்தம். என் நெஞ்சு குளிர்ந்துவிட்டது.

"இதைக் குடு. என் பெருசை நீ எடுத்துக்கோ."

அவன் கண்கள் விரிந்தன. "நிஜமாவா? சின்ன கேமராவோட போனா சாவு வீட்டுல என்னை யாரும் மதிக்கறதில்ல மாமா. 'கேமராக்காரன் இன்னும் வரலையா'ன்னு என்கிட்டயே கேக்கறாங்க. உங்களது மாதிரி ஒண்ணு இருந்தா பொணம்கூட எழுந்து தலை வாரிக்கும்." பிறகு ஒரு நிபந்தனை போட்டான். "முதல்ல எடுத்துட்டுப் போய்ப் பழகிப் பாருங்க. இன்னிக்கிலேர்ந்து நாலாவது வெள்ளிக்கிழமை சாயங்காலம் முடிவு சொல்லணும். மறுநாள் எனக்குப் பெரிய சாவு ஒண்ணு இருக்கு. மாத்திக்கிட்டா மாத்திக்கிட்டதுதான், அழுதுட்டு வரக் கூடாது."

வீட்டில் என் மனைவி அராபா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல பின்னால திரையே இல்லையே. எடுத்த படத்தை எங்க பாக்கறது?"

"ஃபிலிம். அக்ராவுக்கு அனுப்பிக் கழுவணும். பத்து நாள் ஆகும்."

"ஏங்க, பொண்ணு ஹாம்பர்க்லேர்ந்து அனுப்பின கேமராவைச் சாவு வீட்டுக்குக் குடுத்துட்டு, படமே தெரியாத கேமரா வாங்கறீங்களா? அந்த வெயில்ல உக்காந்து உக்காந்து உங்களுக்கு மூளை வறுபட்டுப் போச்சு."

மகளுக்கே போன் போட்டுக் கேட்டேன். அவள், "அப்பா, அதை இன்னுமா தூக்கிட்டுத் திரியறீங்க? பறவை எடுப்பீங்கன்னு நெனச்சு அனுப்பினேன்" என்றாள். எஜிரும் ஒரு வகைப் பறவைதான் என்று சொல்லி வைத்தேன்.

மறுநாளே மரத்தடியில் உட்கார்ந்தேன். புதிதாக ஒரு உலகம் திறந்தது. பெரிய கேமராவில் முகம் முழுக்க மறைந்துவிடும், எதிரில் இருப்பவர் ஒரு கறுப்புக் குழாயிடம்தான் பேச வேண்டும். இதில் பார்க்கிற ஜன்னல் இடது மூலையில் இருந்தது. வலது கண்ணை அதில் வைத்தால் இடது கண்ணும் கன்னமும் பாதிச் சிரிப்பும் வெளியே இருக்கும். ஜன்னலின் நடுவில் மஞ்சளாக ஒரு சதுரம். அதில் எஜிர் இரண்டு பேராகத் தெரிவார். தக்கோராடி ஓர் எஜிரையே தாங்காது. அதனால் வளையத்தைத் திருப்பி இருவரையும் அவசரமாக ஒன்றாக்கினேன்.

"என்னடா அது கையில, பிஸ்கட் டப்பாவா?" என்றார் எஜிர்.

"ஆமா. நீ பாட்டுக்கு ஆடு."

அவர் ஆடினார். ஐந்து நிமிடத்தில் டப்பாவை மறந்துபோனார். யாரும் பொத்தான் போடவில்லை. பத்தாவது நிமிடத்தில் என் பாதி முகத்தைப் பார்த்து, "நீ கிரேன்ல தூக்கின பெட்டியெல்லாம் காலிப் பெட்டிடா, அதனாலதான் கப்பல் முழுகல" என்றார். கேமரா பிடித்திருக்கும்போது மூன்று வருடத்தில் என்னை ஒருவர் திட்டியது அதுதான் முதல் தடவை. முப்பத்தாறு படங்களையும் ஒரே மூச்சில் எடுத்து, ஃபிலிமை அக்ரா பஸ்ஸில் அனுப்பிவிட்டு, பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி காத்திருந்தேன்.

பத்து நாள் என்றது இருபதைத் தாண்டி, அந்த நாலாவது வெள்ளிக்கிழமை மதியம்தான் ஃபிலிம் கழுவும் அம்மா அக்ராவிலிருந்து கூப்பிட்டார்.

"பெரியவரே, உங்க ஃபிலிம்ல ஒண்ணுமே இல்லை. ஜன்னல் கண்ணாடி மாதிரி இருக்கு."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட. ஒரு விஷயம் கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. லென்ஸ் மூடியைக் கழட்டினீங்களா?"

சட்டென்று கேமராவைத் திருப்பிப் பார்த்தேன். மூடி அதன் மேல் கறுப்பாக, வட்டமாக, நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. பெரியதில் லென்ஸ் வழியாகத்தான் பார்க்க வேண்டும், மூடியிருந்தால் இருட்டு. இதில் ஜன்னல் வேறு, லென்ஸ் வேறு. ஜன்னலில் எஜிர் பளிச்சென்று தெரிந்தார், லென்ஸோ அந்த முப்பத்தாறு தடவையும் நன்றாகத் தூங்கியிருக்கிறது.

செய்தி எனக்கு முன்னால் ஃபீஃபியின் கடைக்குப் போய்விட்டது. அக்ரா அம்மா அவனுக்கும் போன் போட்டிருக்கிறார். சிரித்த சிரிப்பில் அவன் நாற்காலியிலிருந்து விழாத குறை.

"மாமா, பரவால்ல. பழசைத் திருப்பிக் குடுங்க, உங்களது உங்ககிட்டயே இருக்கட்டும். நாளைக்கு நான் எப்படியாவது சமாளிச்சுக்கறேன்."

அந்தக் கணத்தில்தான் எனக்குத் துளி சந்தேகமும் இல்லாமல் தெரிந்தது. முப்பத்தாறு படமும் போயின. ஆனால் எஜிர் என்னைத் திட்டினாரே, அதற்கு எந்த மூடியும் போடவில்லையே. நான்காயிரம் பாஸ்போர்ட் படங்களைவிட அந்த ஒரு வசவு பெரிது.

"பெருசு இந்தப் பைக்குள்ள இருக்கு, எடுத்துக்கோ" என்றேன். "பேட்டரி ரெண்டு. பட்டை ஜாக்கிரதை, கையைக் கவ்விப் பிடிக்கும்."

"நல்லா யோசிச்சுட்டீங்களா?"

"யோசிக்க வேண்டியதை அந்த மூடியே யோசிச்சுக் குடுத்துடுச்சு."

ஒரே ஒரு ஃபிலிம் சுருளை அவனிடம் வாங்கிக்கொண்டு கடற்கரைச் சாலைக்கு நடந்தேன். லென்ஸ் மூடியைக் கழற்றி, முப்பத்தொரு வருடக் கிரேன் கையின் மொத்த பலத்தையும் சேர்த்துக் கடலுக்குள் வீசினேன். நடுவில் எங்கும் விழுந்திருக்காது, பிரேசில்காரன் யாராவது எடுத்திருப்பான்.

சனிக்கிழமை செகோண்டிக்காரர்கள் வந்தார்கள். பிளாங்ஸன் வலது கோடியில் தொடங்கினார், ஆனால் என் பக்கம் வருமுன்பே திரும்பி நேராகப் பலகைக்குப் போனார். போன மாதத்தின் இடது கையை அவர் மறக்கவில்லை. எஜிர் என் மடியைப் பார்த்தார். பிஸ்கட் டப்பாதான் இருந்தது. திரும்பிக் காய்களை அடுக்கினார்.

ஆட்டம் தொடங்கியது, வசவும் தொடங்கியது.

"கார்டு ஐயா, உம்ம காயெல்லாம் பென்ஷன் வாங்க வரிசைல நிக்கற மாதிரியே நிக்குதே. எப்ப நகரும்?"

"நகரும் எஜிர், நகரும். நீர் கப்பல்ல சமைச்ச சாப்பாடு மாதிரி வயத்தோட நின்னுடாது."

"என் சாப்பாட்டைச் சாப்பிட்டவன் ஒருத்தனும் ஊர் திரும்பலன்னு நெனைச்சுக்கிட்டு இருக்கீரா?"

"திரும்பினவன் யாரையும் நான் பாக்கலயே."

நான் தூரத்தை முன்பே அளந்து வளையத்தைத் திருப்பி வைத்துவிட்டேன். ஜன்னலில் படத்தின் எல்லைக்கு வெளியே இருப்பதும் தெரியும். எஜிரின் கை எல்லைக்கு மேலே போவதைக் கண்டேன். என் இடது கண் அவர் முகத்தைப் பார்த்தது. நெற்றி நரம்பு புடைத்தது, உதடு விரிந்தது. கை உள்ளே வரட்டும் என்று மூச்சை நிறுத்தினேன். ஐந்து காய்கள். ஒரே தாவல். பலகை துள்ளியது.

"ஓடுய்யா! உம்ம ரயில் செகோண்டிக்குக் கெளம்பிடுச்சு!"

எறும்பு தும்மியது. யாருக்கும் கேட்கவில்லை.

தோற்றவர் எழுந்து கை குலுக்கிவிட்டுப் போவது முறை. பிளாங்ஸன் ஒவ்வொருவராக வந்தார். என்முன் வந்து தயங்கினார். நான் டப்பாவை இடது கைக்கு மாற்றி, எழுந்து நின்று, வலது கையை நீட்டினேன். பிடித்தார். சொடக்கு துப்பாக்கி மாதிரி வெடித்தது.

"போன தடவை இருந்த பீரங்கி எங்க?" என்று கேட்டார். "இன்னிக்குப் படமே எடுக்கலயா?"

"இன்னிக்கு ஓய்வு" என்றேன்.

இந்தத் தடவை பத்தே நாளில் அக்ரா பஸ்ஸில் உறை வந்தது. பாதிப் படங்களில் கவனம் எங்கோ போயிருந்தது, இரண்டில் என் கட்டைவிரல் மட்டும் நன்றாக வந்திருந்தது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய் எஜிரிடம் நீட்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கை பாதி மங்கலாக இருந்தது. வாய் முழுசாக இருந்தது, கடைவாய்ப் பல் வரைக்கும்.

"யாருடா இந்தக் கோரமான மனுஷன்?"

"நீதான்."

"எனக்கு இவ்வளவு பல்லு இருக்கா?"

"ஏழு. எண்ணிப் பாத்தேன்."

"எப்ப எடுத்தே?"

"நீ ரயிலைக் கெளப்பின நேரத்துல."

அவர் என் மடியிலிருந்த டப்பாவைப் பார்த்தார். பிறகு படத்தைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். திருப்பித் தருவார் என்று எனக்குத் தோன்றவில்லை, கேட்கவும் இல்லை.

"பேரப்பிள்ளைங்களுக்குக் காட்ட ஒரு கௌரவமான படம் வேணும்" என்றார். "ஃபீஃபியை வரச் சொல்லு, அந்தப் பெரிய கேமராவோட. நாற்காலி போட்டு உக்காந்துக்கறேன்."

"சரி."

"இதை நல்லாப் பெருசாப் போட்டு ஒண்ணு குடு. செகோண்டிக்கு அனுப்பணும். பிளாங்ஸன் தினமும் காலைல எழுந்ததும் முதல்ல இதைப் பாக்கணும், புரியுதா?"

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழு பற்களும் வெளியே வந்தன. நான் புது ஃபிலிமை அடுத்த படத்துக்கு ஏற்கெனவே நகர்த்தியிருந்தேன்.