இவ்வீட்டில் லீசிங் ஆகாது

1

இந்தக் கதை எனக்கு வேலிக்கு மேலாகக் கிடைத்தது. ஒட்டுக் கேட்டேன் என்று எழுதினால் கௌரவமாக இருக்காது. (கேட்டேன்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: "யார்க்‌ஷயரின் பனி மூடிய குன்றுகளுக்கு நடுவே, தனிமையில்..." வேண்டாம். அன்று நல்ல வெயில்.

2

பக்கத்து வீட்டு எனிட் ஸ்கெல்டனுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம். இந்த மாதத்துக்குள் மாடியறைக்குத் துணையாக ஓர் ஆள் வராவிட்டால், வீட்டை விற்றுவிட்டு அம்மாவை லீட்ஸுக்குக் கூட்டிப்போவதாக மகள் சொல்லிவிட்டாள். எனிட் ஜன்னலில் 'அறை வாடகைக்கு' அட்டை வைத்தாள். மறுநாளே ஊர்க்குழுச் செயலாளர் நார்மன் ஆஜர். அவருக்கும் அவளுக்கும் ஒரே சுவர்.

"எனிட், உங்க வாசல் மேல செதுக்கியிருக்கே, படிச்சீங்களா? 'இவ்வீட்டில் லீசிங் ஆகாது.' லீசுக்கு விடக் கூடாது. நான் சொல்லல, கல்லு சொல்லுது."

"அந்தக் கல்லுக்கு முந்நூத்தம்பது வயசு, நார்மன். உங்களுக்கு எழுபத்திரெண்டு. சொன்னதையே சொல்லிட்டிருக்கறதுல ரெண்டும் ஒண்ணுதான்."

(நார்மனை வில்லனாக்கப் பார்த்தேன். மனிதர் மறுநாள் அவளுக்கு ஒரு ஜாடி ருபார்ப் ஜாம் கொடுத்துக் காரியத்தைக் கெடுத்துவிட்டார்.)

3

நூலகத்தில் பழைய அகராதியைப் புரட்டியவள் நான்தான். மூக்கு சும்மா இருக்கவில்லை. 'லீசிங்' என்றால் அந்தக் காலத்து ஆங்கிலத்தில் பொய் பேசுதல்.* வீட்டை வாடகைக்கு விடுகிற லீசுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அந்த வாடகை லீஸ் பிரெஞ்சுக்காரர்களோடு வந்த சொல்.

"அப்ப வாடகைக்கு விடலாம்," என்றார் நார்மன். "ஆனா உள்ள பொய் சொல்லக் கூடாது. கல்லு கல்லுதான்."

எனிட் கைகொடுத்து ஒப்புக்கொண்டாள்.

* 'வெறுமையான', 'இல்லாத' என்ற பழஞ்சொல்லிலிருந்து பிறந்ததாம். 'ஹோம்லெஸ்' என்கிறோமே, அந்த 'லெஸ்' இதற்குப் பங்காளி. உள்ளே ஒன்றும் இல்லாதது பொய். என் பனி மூடிய முதல் வரியைப் போல.

4

சனிக்கிழமை, கால்நடை மருத்துவமனைத் தாதி பிரையனி அறை பார்க்க வந்தாள்.

"கூரை ஒழுகுமாங்க?"

"ஒழுகும், கண்ணு."

"சத்தம்?"

"நார்மன் குறட்டை சுவரைத் தாண்டி வரும்."

"வெந்நீர்?"

"முதல்ல குளிக்கறவங்களுக்கு வரும். முதல்ல குளிக்கறது நான்."

பிரையனி சிரித்தாள். "யோசிச்சு நாளைக்கு வந்து சொல்றேன்."

வெளியே வேலியோரம் அவளை மடக்கினேன். "கூரையா? ஒரு சொட்டு இறங்காதும்மா!" நான் நின்றது தெருவில், கல்லுக்கு அங்கே அதிகாரமில்லை.

5

ஞாயிற்றுக்கிழமை. இதை எனிட்டின் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வாசல் மணி அடிக்கிறது. எனிட் ஊன்றுகோலைத் தேடுகிறாள். பெட்டியோடு பிரையனியாக இருக்கலாம். காரோடு லீட்ஸ் மகளாகவும் இருக்கலாம்.

இந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, நடக்காததை நடந்ததாக எழுத எனக்கு வழியில்லை. நீங்கள்தான் வெளியே இருக்கிறீர்கள். வாசலில் யாரென்று கொஞ்சம் தாராளமாகச் சொல்லுங்களேன்.