சங்கிலி மாட்டிய கதவு

அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. காப்பகத்தில் வளர்ந்து வெளியே வரும் பிள்ளைகளுக்கு ஓராண்டு அறை கொடுத்து, தனியாக வாழப் பழக்குவது என் வேலை. சமைப்பது, துவைப்பது, மருத்துவரிடம் நேரம் கேட்பது என்று பட்டியலில் இருபத்திரண்டு வரிகள். இருபத்தொன்றில் அவள் கெட்டி. ‘தேவையில்லாதவர்களை வாசலோடு அனுப்புதல்’ என்ற கடைசி வரியில் மட்டும் பூஜ்யம்.

யார் தட்டினாலும் “வாங்க, வாங்க” என்பாள். அலுவலகத்தில் அவள் பெயரே வாங்கவாங்க. முன்பிருந்த அறையில் ஓரிரவு தங்க வந்த மூன்று தோழிகள் இரண்டு மாதம் டேரா போட்டார்கள். கூச்சல் தாங்காத வீட்டுக்காரர் இவளைத்தான் காலி செய்யச் சொன்னார். இப்போதாவது கடைசி வரியில் தேறினால்தான் நிரந்தர வீடு. வெள்ளிக்கிழமை முடிவு.

“எப்படிக்கா போகச் சொல்றது? காப்பகத்துல கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது,” என்பாள். திட்டினேன், கெஞ்சினேன், தலைகீழாக நின்றும் பார்த்தேன்.

புதன்கிழமை, அவளுக்காக ஆசையாக வாங்கிய திரைச்சீலையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். தட்டியதும் கதவு சங்கிலி அளவுக்கு மட்டும் திறந்தது.

“அக்கா, இன்னிக்கு வர்றேன்னு சொல்லலையே?”

“சொல்லணுமா? திறடி, முழங்கால் விட்டுப்போச்சு.”

“இப்பதான் சாப்பிட உக்காந்தேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத்தானே வர்றதா இருந்தீங்க? அப்ப வாங்கக்கா.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யாருக்காக இத்தனை படி ஏறினேன்? திட்ட வாயைத் திறந்த நான், சங்கிலியைப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தேன். விரல்கள் கொக்கிவரை போய்த் திரும்பின. ஆனாலும் சங்கிலியைக் கழற்றவில்லை.

“கோபமாக்கா?”

“ஆமா. ஆனா இப்ப மட்டும் நீ திறந்தே, தோலை உரிச்சிருவேன்.”

சிரித்துவிட்டு உள்ளே ஓடினாள். தண்ணீர் டம்ளர் இடுக்கில் நுழையவில்லை. நாலு பிஸ்கெட்டை ஒவ்வொன்றாக நீட்டிவிட்டு, “பார்த்து இறங்குங்கக்கா,” என்று கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.

படியிலேயே உட்கார்ந்து பிஸ்கெட்டைத் தின்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசி வரியில் முழு மதிப்பெண் போட்டேன். என்னையே வாசலோடு அனுப்பியவள் இனிப் பிழைத்துக்கொள்வாள்.

திரைச்சீலையைச் சுமந்தபடி மூன்று மாடியும் இறங்கினேன். வெள்ளிக்கிழமை மறுபடி ஏற வேண்டும்.