வலிப்பதெல்லாம் அந்த அறையில்

குழந்தைகள் நர்ஸிங் படிப்பில் முதல் வாரமே ஒரு விதியை எங்கள் காதில் ஓதிவிடுவார்கள். குழந்தையின் கட்டில் குழந்தையின் கோட்டை. வலிக்கிற எதையும் அங்கே செய்யாதே. ஊசியோ, கட்டுப் பிரிப்பதோ, எல்லாவற்றையும் தாழ்வாரக் கோடியிலுள்ள சிகிச்சை அறைக்குக் கொண்டுபோய்ச் செய். அப்போதுதான் பிள்ளை தன் கட்டிலில் பயமில்லாமல் தூங்கும். நல்ல விதிதான். பரீட்சையில் அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் ஒரு வார்டின் வலி முழுவதையும் ஒரே அறையில் கொண்டுபோய்க் கொட்டினால் அந்த அறைக்கு என்ன ஆகும் என்று எந்தப் பேராசிரியரும் சொல்லித் தரவில்லை.

இரண்டாம் ஆண்டுப் பயிற்சிக்கு என்னை எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கே அனுப்பினார்கள். ஜன்னலைத் திறந்தால் கடல் காகங்களின் கத்தல். வேல்ஸில் எந்தக் கடலோர ஆஸ்பத்திரி ஜன்னலும் அப்படித்தான். அந்த வார்டில் நான் ஆறு வயதில் மூளைக்காய்ச்சலோடு படுத்திருந்ததை யாரிடமும் சொல்லவில்லை. அந்தச் சிகிச்சை அறையில்தான் நாலு பேர் என்னை இறால் மாதிரி சுருட்டிப் பிடித்துக்கொள்ள, முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள். வலி மறந்துவிட்டது. தலைக்கு மேலே கேட்ட ஒரு குரல் மறக்கவில்லை. "முடிஞ்சிடுச்சு கண்ணு, முடிஞ்சிடுச்சு." முடியவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னார்கள், திரும்பத் திரும்ப முடியவில்லை. அந்தப் பொய்யைச் சொல்லாத நர்ஸாக வேண்டும் என்றுதான் இந்தப் படிப்புக்கே வந்தேன். நேர்முகத் தேர்வில் மட்டும், எல்லோரையும் போல, குழந்தைகள் என்றால் எனக்கு உயிர் என்று சொல்லி வைத்தேன்.

என் பயிற்சியை மதிப்பிடுகிறவள் டெலித். வார்டில் பழம் தின்று கொட்டை போட்ட நர்ஸ். வாய் கொஞ்சம் நீளம்.

"மாரெட், உன்னை ஒண்ணு கேக்கணும்," என்றாள் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை. "மருந்து அளக்கிறே, சுரம் பாக்கிறே, அழுற அம்மாவுக்கு டீ போட்டுக் குடுக்கிறே. ஊசி போட பிள்ளையைப் பிடிக்கணும்னா மட்டும் உனக்கு எங்கிருந்துதான் பாத்ரூம் வருது?"

"அப்படியெல்லாம் இல்ல, டெலித்."

"இன்னிக்கு டெய்லோவுக்கு நீதான் பிடிக்கிறே. இதுலயும் நழுவினா நான் கையெழுத்துப் போட மாட்டேன். பிடிக்கத் தெரியாத பிள்ளை நர்ஸ் எனக்கு வேணாம்."

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆகவேண்டும். இதற்கு மேல் தப்பிக்க வழியில்லை.

டெய்லோவுக்கு ஆறு வயது. மலைமேல் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கும் எமிரின் மகன். தொடை எலும்புக்குள் சீழ் பிடித்திருந்தது. நரம்பு வழியாக மருந்து தவறாமல் போய்க்கொண்டே இருந்தால் கால் தப்பிக்கும். நின்றால் எலும்பு அரித்து, கால் குட்டையாகிவிடும், அதற்கு மேலும் ஆகலாம். விடிகாலையில் அவன் கையிலிருந்த ட்ரிப்ஸ் ஊசி நழுவி, கை வீங்கிப் போயிருந்தது. புதிதாக ஒன்று குத்த வேண்டும். மயக்கம் கொடுத்து நீளக் குழாய் போடும் டாக்டர் திங்கட்கிழமைதான் வருவார். வலி தெரியாமலிருக்க வாயுவை உறிஞ்சவைக்கலாம் என்று பார்த்தால், முகமூடியைக் கண்டதுமே பையன் வாந்தியெடுத்துவிட்டான்.

நான் போனபோது அவன் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் எமிர், ரப்பர் பூட்ஸோடு. ஆடுகள் குட்டி போடும் காலம், மனைவியைத் தொழுவத்தில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

"அந்த ரூமுக்கு வர மாட்டேன்," என்றான் டெய்லோ. "அங்க ஒரு பொண்ணு இருக்கா."

"எந்தப் பொண்ணு?"

"படுக்கைக்கு அடியில உக்காந்திருக்கா. போன தடவையே பாத்தேன். ஒரு கால்ல மட்டும் சாக்ஸ் போட்டிருக்கா."

எமிருக்குக் கூச்சமாகிவிட்டது. "இவங்க பெரியம்மா சொல்ற பேய்க்கதைங்க. தப்பா எடுத்துக்காதீங்கம்மா."

நான் சிரித்தேன். குழந்தை சொல்லும் எதையும் மறுக்காதே, கேள் என்பதும் பாடத்தில் உண்டு. "அவ பேரு என்னவாம்?"

"கேக்கல. அவ அதிகம் பேச மாட்டா. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா."

"என்ன சொன்னா?"

"முடிஞ்சிடுச்சுன்னு சொல்வாங்க, நம்பாதே அப்படின்னா."

ஆஸ்பத்திரியிலிருந்து என்னை வீட்டுக்குக் கூட்டிப்போன அன்று, ஒரு சாக்ஸைக் காணோமென்று அம்மா பையைக் கொட்டிக் கவிழ்த்துத் தேடியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் உதைத்த உதையில் அது எங்கே போனதோ. அது இந்த உலகத்தில் அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அம்மாவே மறந்திருப்பாள்.

சாமான்களை எடுத்து வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சிகிச்சை அறைக்குப் போனேன். சுவரில் மீன்களும் கடற்குதிரைகளும் வரைந்திருந்தார்கள். பகல் வெளிச்சம் பளீரென்று அடித்தது. பயப்பட அங்கே ஒன்றுமில்லை. ஆனாலும் முட்டி போட்டுப் படுக்கைக்கு அடியில் பார்த்தேன். சக்கரங்கள். யாரோ ஒட்டிவிட்டுப் போன ஒரு டைனோசர் ஸ்டிக்கர். வேறொன்றுமில்லை.

"நாமதான் அப்பவே வீட்டுக்குப் போயிட்டோமே," என்றேன் அந்தக் காலி இடத்தைப் பார்த்து. "நீ இன்னும் இங்க என்ன பண்றே?"

நான் பிழைத்து, வளர்ந்து, பள்ளி முடித்து, சைக்கிளும் காதலுமாகத் திரிந்த காலமெல்லாம் ஒருத்தி இங்கேயே கிடந்திருக்கிறாள், அவளை யாரும் கூட்டிப்போக வரவில்லை என்று தோன்றியதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"தரையில என்னடி தேடுறே?" டெலித் ஊசித் தட்டோடு வாசலில் நின்றாள்.

"ஸ்டிக்கர் விழுந்துடுச்சு." எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். "டெலித், நீங்க பிடிச்ச பிள்ளைங்களை ஞாபகம் இருக்குமா உங்களுக்கு?"

"வீட்டுக்குப் போச்சா, போகலையா, அது ஞாபகம் இருக்கும். அழுத மூஞ்சியை எல்லாம் ஞாபகம் வச்சுக்கிட்டா மறுநாள் எப்படி வேலைக்கு வர்றது?" தட்டை வைத்தாள். "போ, கூட்டிட்டு வா. மருந்து நேரம் தாண்டிப் போச்சு."

எமிர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தார். "நான் பிடிச்சுக்கிறேன்மா. மந்தை மந்தையா ஆட்டைப் பிடிச்சவன்தான்."

"வேணாம். நீங்க இங்கயே இருங்க," என்றேன். "பிடிச்ச கை எங்களோடதா இருக்கட்டும். அவன் உங்க கூடத்தானே வீட்டுக்கு வரணும்."

அவர் மெல்ல உட்கார்ந்தார். உட்கார்ந்ததில் அவருக்கு நிம்மதிதான் என்று முகத்தில் தெரிந்தது.

டெய்லோவிடம் பேரம் பேசினேன். என் மடியில், என்னைக் கட்டிக்கொண்டு உட்காரலாம். படுக்க வேண்டாம். கை மட்டும் என் முதுகுக்குப் பின்னால் இருக்கும், அதைப் பார்க்கவே வேண்டாம். மரத்துப்போகும் களிம்பு தடவியாகிவிட்டது.

"வலிக்குமா?"

"கொஞ்சம் வலிக்கும்."

"நிறுத்துன்னு சொன்னா?"

"நிறுத்திடுவோம்."

"முடிஞ்சிடுச்சுன்னு சொல்வியா?"

"முடிஞ்சா மட்டும்தான் சொல்வேன். சத்தியமா."

கட்டில் கம்பியிலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்தான். நான் அவனைத் தூக்கிக்கொண்டேன். சிகிச்சை அறை வாசலைத் தாண்டும்போது என் தோள் வழியாகக் கீழே எட்டிப் பார்த்து, யாருக்கோ கையாட்டினான்.

டாக்டர் ரோத்ரி இளவயதுக்காரர், நல்லவர், ராத்திரியெல்லாம் தூங்காத கண். முதல் குத்தில் நரம்பு நழுவிவிட்டது. "நிறுத்து," என்றான் டெய்லோ. நிறுத்தினோம். அவன் மூச்சு வாங்கும் வரை காத்திருந்தோம். என் கழுத்தில் முகத்தைப் புதைத்து, "சரி," என்றான். ஒரு பிள்ளை நம்மை நம்புவது எப்படிப்பட்ட சுகம் என்று எனக்கு அப்போது தெரிந்தது. இதற்காகவே பிறந்தவள் என்று கூட நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது குத்து.

"நிறுத்து," என்றான்.

"ஊசியில ரத்தம் வந்துடுச்சு, நரம்பு கிடைச்சாச்சு," என்றார் ரோத்ரி. "விட்றாதீங்க. விட்டா இதுவும் போயிடும், அந்தக் கையில இனி நரம்பே இல்ல."

"நிறுத்து. மாரெட், நிறுத்து. நீ சொன்னே."

டெலித் என்னைப் பார்த்தாள். கால் குட்டையாகி, மலைமேல் ஆடு ஓட்ட முடியாமல் நிற்கும் ஒருவனை நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்று இப்போது சொல்கிறேன். அந்த நொடியில் நினைத்தேனா, கை தானாகச் செய்ததா, தெரியாது. அவனை இறுக்கினேன். அவன் துள்ளினான், உதைத்தான், என் தோளைக் கடித்தான். நான் இன்னும் இறுக்கினேன். என் கைகளில் அவ்வளவு பலம் இருந்தது எனக்கே தெரியாது.

அப்போது என் வாய் சொன்னது. "முடிஞ்சிடுச்சு கண்ணு, முடிஞ்சிடுச்சு."

முடியவில்லை. ஊசியை இன்னும் உள்ளே தள்ள வேண்டியிருந்தது. பிளாஸ்திரி ஒட்ட வேண்டியிருந்தது. உப்புத் தண்ணீர் ஏற்றிப் பார்க்க வேண்டியிருந்தது, அது எரியும். ஒவ்வொன்றுக்கும் அதையே சொன்னேன். ராகம் கூட அதே ராகம். வேறு வார்த்தை தேடினேன், வாயில் வேறெதுவும் இல்லை.

பாதியிலேயே அவன் கத்துவதை நிறுத்திவிட்டான். உடம்பு தொய்ந்துபோனது. ரோத்ரி, "சமர்த்துப் பையன்," என்றார்.

மருந்து ஏறத் தொடங்கியது. எமிர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு. நல்லாப் பிடிச்சீங்கம்மா, நானா இருந்தா விட்டிருப்பேன்," என்றார். டெலித் கையெழுத்துப் போட்டாள். "இன்னிக்குத்தான் நர்ஸ் மாதிரி பிடிச்சே," என்றாள். அவள் என்னைப் பாராட்டியது அது ஒரு தடவைதான். கைகழுவும் தொட்டியில் தோல் சிவக்கும் வரை கை கழுவிக்கொண்டிருந்தேன். நான் செய்தது சரிதான் என்று எந்த மேடையிலும் சொல்வேன். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்காமல் இருந்தால் போதும்.

மறுநாள் காலை அவனுக்குச் சுரம் இறங்கியிருந்தது. தொடையின் வீக்கம் கூடக் குறைந்திருந்தது. தலையணையில் சாய்ந்துகொண்டு கடல் காகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"டெய்லோ, நேத்து நான் உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

"பரவாயில்ல," என்றான். கோபமே இல்லை. கடையில் பால் தீர்ந்துவிட்டது என்றால் பெரியவர்கள் சொல்வார்களே, அதுமாதிரி சொன்னான். அவன் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

போகாமல் உட்கார்ந்திருந்தேன். கேட்கக் கூடாது என்று தெரியும். கேட்டேன்.

"அந்தப் பொண்ணு இன்னும் அங்கதான் இருக்காளா?"

"இருக்கா. ஆனா இப்ப தனியா இல்ல."

"கூட யாரு?"

இதுகூடத் தெரியாதா என்பதுபோல என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"நான்தான்," என்றான். "எனக்கு டோஸ்ட் கிடைக்குமா?"

எழுந்தேன். வார்டின் சமையலறை அந்த அறையைத் தாண்டி இருக்கிறது. இரண்டு துண்டு ரொட்டியை வாட்டி வெண்ணெய் தடவிக் கொண்டுவந்தேன். போகும்போதும் வரும்போதும் அந்தக் கதவு திறந்தே கிடந்தது, நான் தலையைக் குனிந்துகொண்டேன்.