மைல் மீட்டரில் கூட்டிய ஆயிரம்

அன்று பட்டறையில் இருந்தவர்கள் மூன்று பேர். முதலாளி லோக் வெங் ஃபாட் கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின்மேல், சுவரைப் பார்த்தபடி. நோன்பு மாதம் என்பதால் மெக்கானிக் ஸஹாரியின் கண்ணில் படாமல் காப்பி குடிப்பதற்காக அப்படி. ஸஹாரி, வாசலில் அடுக்கியிருந்த டயர்களின் உச்சியில். நான், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், தட்டச்சு இயந்திரத்தின் முன். எனக்கும் ஒரு பெயர் உண்டு. ஆனால் கோலகங்சாரில் எல்லாருக்கும் நான் ‘கிராணி’தான். எழுத்து வேலை பார்க்கிறவனுக்கு அங்கே அதுதான் பெயர். மற்ற இருவரும் இன்று இல்லை. அதனால்தான் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவைக்கிறேன்.

பெருநாளுக்கு இரண்டு நாள் இருந்தது. அன்று காலைதான் தெர்மிசி வாத்தியார் எங்களிடம் டயருக்குக் காற்றடித்துக்கொண்டு, மனைவி, மூன்று பிள்ளைகளோடு கிளந்தானில் மாமியார் வீட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தார். அவர் காருக்குப் பத்து நாள் முன்புதான் இஞ்சினில் ஓடும், பல் வைத்த டைமிங் பெல்ட்டை மாற்றினோம். புது பெல்ட் ஓட ஓடக் கொஞ்சம் தளரும். எங்கள் பட்டறையில் ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை இழுத்து இறுக்கிவிடுவோம். அதற்குப் பிறகு அடுத்த பெல்ட் மாற்றும்வரை தொடமாட்டோம். இழுக்க வேண்டிய நாள் தப்பக்கூடாது என்று மீட்டரில் உள்ள எண்ணோடு ஆயிரம் கூட்டி, கடைப் பெயர் அச்சடித்த ஸ்டிக்கரில் எழுதி, கார்க் கதவின் உள்பக்கம் ஒட்டுவது என் வேலை. காலையில் மீட்டரை எட்டிப் பார்த்தேன். ஐந்நூற்று அறுபதுதான் ஓடியிருந்தது.

“போயிட்டு வந்து இழுத்துக்கலாம் சார்” என்று நான்தான் சொன்னேன்.

பதினொரு மணி வாக்கில் ஸஹாரிக்குப் பசி மறக்க ஏதாவது பேச வேண்டியிருந்தது.

“கிராணி, வாத்தியாருக்குப் போன வாரம் போலீஸ் சம்மன் குடுத்தானே, கேட்டியா? நாப்பதுலதான்யா வந்தேன்னு முள்ளைக் காட்டி ஒரே சண்டை. போலீஸ்காரன் சொல்றான், ஐயா, இது இங்கிலாந்து கார், இது நாப்பது மைலுன்னு!”

முதலாளி சுவரைப் பார்த்தே சிரித்தார். “கணக்கு வாத்தியார் லா! கணக்கு வாத்தியார்!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாத்தியார் இங்கிலாந்தில் படித்துவிட்டுத் திரும்பும்போது கப்பலில் ஏற்றிவந்த கார் அது. நான் ஆயிரம் கூட்டியது மைலில். பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டேன். காலையிலேயே அது தொள்ளாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது.

எழுந்து போய்ச் சொன்னேன். முதலாளி காப்பிக் குவளையோடு திரும்பிவிட்டார். ஸஹாரி இருப்பதுகூட அவருக்கு மறந்துபோயிற்று.

“போறப்போ ஒண்ணும் ஆகாது” என்றார் ஸஹாரி, டயரிலிருந்து இறங்கியபடி. “வர்றப்போதான் பயம். தளர்ந்துபோன பெல்ட் மேட்டுல ஒரு பல் தாண்டுச்சுன்னா இஞ்சின் காலி. வழியில கிரிக் ஊரத் தாண்டி அந்தக் காட்டுல வீடும் கெடையாது, போனும் கெடையாது. இருட்டிட்டா ரோட்டையே அடச்சிருவான். யானைதான் வந்து தள்ளணும்.”

“மாமியார் வீட்ல போன் இருக்கா?” என்றார் முதலாளி.

“எங்க இருக்கு, தவுக்கே!” ஸஹாரி முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவார்.

“அப்ப தந்தி அடி.”

“பெருநாளும் அதுவுமா தந்தி போனா, யாரோ மவுத்தாயிட்டாங்கன்னு அந்தம்மா மயக்கம் போட்டுருவாங்க.”

கிளந்தான் போகும் பன்னிரண்டு மணி பஸ்ஸின் டிரைவர் ஆவாங்குக்கும், வாத்தியாரின் மாமியார் ஊரான பாசிர் மாஸ் பக்கம்தான் வீடு. கடிதம் எழுதி அவர் கையில் கொடுப்பது என்று முடிவாயிற்று. தாளைச் செருகினேன்.

“நம்ம தப்புன்னு எழுதாதே” என்றார் முதலாளி. “சும்மா ஒரு தடவை செக் பண்ணிக்குங்கன்னு எழுது.”

“அப்படி எழுதுனா மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கிட்டு வண்டியக் கெளப்பிருவார், தவுக்கே” என்றார் ஸஹாரி. “ஏன்னு சொல்லாட்டி அந்த மனுஷன் பேனா மூடியக்கூடத் தொறக்கமாட்டார்.”

சின்ன ஊரில் ஒரு பட்டறை தன் தவற்றைக் கடை முத்திரைத் தாளில் எழுதிக் கொடுப்பது லேசான காரியமல்ல. எதிர்வரிசையில் இன்னும் இரண்டு பட்டறைகள் இருந்தன.

“சரி. எல்லாத்தையும் எழுது” என்றார் முதலாளி.

எழுதினேன். தங்கள் மீட்டர் மைல். நான் கிலோமீட்டர் என்று எண்ணிவிட்டேன். தாங்கள் ஊர் போய்ச் சேரும்போது ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் ஆகியிருக்கும். பெல்ட்டை இழுக்காமல் திரும்பிவர வேண்டாம். அங்குள்ள மெக்கானிக்கிடம் இதைக் காட்டவும்: இஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். இறுக்கும் உருளையின் போல்ட்டைத் தளர்த்தி, இஞ்சினை அது ஓடும் திசையில் மட்டும் கையால் திருப்பி, ஸ்பிரிங்கே பெல்ட்டை இழுக்க விட்டு, பிறகு போல்ட்டை முறுக்கவும். நெம்பி இழுக்கக் கூடாது. இந்தத் தவறு என்னுடையது.

முதலாளிக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரியில் கையை நீட்டினார்.

“அதை அடிச்சு விடு. ஸ்டிக்கர்ல உன் பேரா இருக்கு? என் பேர்தானே இருக்கு?”

‘என்னுடையது’ என்பதை அடித்து, ‘எங்கள் பட்டறையுடையது’ என்று மேலே எழுதினேன். அவர் சீனத்தில் கையெழுத்துப் போட்டு, கீழே எண்ணெய் விரலின் அடையாளத்தையும் தெரியாமல் பதித்துவிட்டார்.

உறையை ஒட்ட எச்சில் போதவில்லை. எனக்கு நாக்கு வறண்டிருந்தது, ஸஹாரிக்கோ நோன்பு. முதலாளி தன் காப்பியில் விரலை நனைத்துத் தடவி, மூடி, தொடையில் வைத்து அழுத்தினார். பஸ் ஏற்கெனவே உறுமிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் ஜன்னல் வழியாக நீட்டினேன்.

“கையில குடுக்கணும், ஆவாங் அண்ணே. மாமியார்கிட்ட இல்ல. வாத்தியார் கையில.”

அவர் உறையைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு, கியரைப் போட்டார்.