சகாதேவனின் எழுநூற்று முப்பத்தெட்டு

எங்கள் வீட்டில் ஒரு சுவர்க் கடிகாரமும் ஏழு வீடியோ கேமும் இருந்தன. சுவர்க் கடிகாரம் திருவண்ணாமலை நேரத்தைத் தோராயமாகக் காட்டியது. அலமாரியில் வரிசையாக நின்ற ஏழு கேமும் குவைத் நேரத்தைத் துல்லியமாகக் காட்டின. ஆகவே குவைத்தில் மணி என்ன என்பதில் எங்களுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. கல்லூரிக்கு நான் தாமதமாகப் போனதற்கு இதையே காரணமாகச் சொன்னேன். பொருளாதாரப் பேராசிரியர் ஏற்றுக்கொள்ளவில்லை.

ஏழும் என் அண்ணன் சகாதேவன் கொண்டுவந்தவை. எண்பதாம் வருஷம் குவைத்துக்குப் போனவன், எண்பத்திரண்டு கார்த்திகை தீபத்துக்கு வந்தபோது மூன்றும் எண்பத்துநாலு தீபத்துக்கு வந்தபோது நான்கும் கொண்டுவந்தான். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். கண்ணாடிக்குள் கறுப்புப் பொம்மைகள், ஓரத்தில் இரண்டு பொத்தான்கள். ஆடாத நேரத்தில் மூலையில் மணி காட்டும். அங்கே வாங்கியபோது வைத்த மணியை அண்ணன் மாற்றவில்லை. அம்மா மாற்றவிடவில்லை. மாலையில் விளக்கேற்றியதும் அலமாரிப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள்.

“நாலு மணி. இன்னும் வேல வுட்டுருக்க மாட்டான்” என்பாள்.

ஏழிலும் சிறந்தது தீயணைப்பு ஆட்டம். ஒரு கட்டடம் பற்றி எரியும். மாடியிலிருந்து ஆட்கள் குதித்துக்கொண்டே இருப்பார்கள். கீழே இரண்டு பேர் படுதாவைப் பிடித்துக்கொண்டு இங்கும் அங்கும் ஓடி அவர்களைப் பிடிக்க வேண்டும். மூன்று பேர் தரையில் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. அந்தக் கட்டடத்தில் இத்தனை பேர் எதற்குக் குடியிருக்கிறார்கள், வாடகை அவ்வளவு கம்மியா என்று நான் யோசித்ததுண்டு. அண்ணன் யோசிக்கவில்லை, பிடித்தான். லீவு முடிந்து கிளம்புவதற்கு முந்தைய நாள் எழுநூற்று முப்பத்தெட்டு பேரைப் பிடித்தான்.

பெட்டியைத் தூக்கும்போது என் தலையில் ஒரு தட்டு தட்டிச் சொன்னான்: “டேய் பரசு, நான் வர்றதுக்குள்ள இத எவனாச்சும் தாண்டினான்னு கேள்விப்பட்டேன், அடுத்த பிளைட்ட புடிச்சு வந்து அவன தோக்கடிச்சிட்டுதான் சோறு தின்பேன்.”

அந்த இயந்திரத்துக்கு ஒரு குணம் உண்டு. எல்லோரையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. யார் அதிகம் எடுத்தார்களோ அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளும். இடது பொத்தானை அமுக்கிப் பிடித்தால் அது தெரியும். இன்னொருவன் தாண்டினால் பழையது போய்விடும். எண்பத்தைந்து பொங்கல் லீவில் நான் எழுநூற்று முப்பத்தாறு வரைக்கும் போனேன். பிறகு விரலை எடுத்துவிட்டு, மூன்று பேர் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நண்பர்கள் கேட்டபோது கை வழுக்கிவிட்டது என்றேன். அதன்பிறகு எழுநூறுக்கு மேல் எனக்குக் கை வழுக்குவது வழக்கமாகிவிட்டது.

இன்னொரு குணமும் உண்டு. பேட்டரியைக் கழற்றினால் எல்லாவற்றையும் மறந்துவிடும். மணி பன்னிரண்டு, எண் பூஜ்யம்.

போன வருஷம் கண்ணாடியில் எழுத்து மங்க ஆரம்பித்தபோது, சின்னக்கடைத் தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் தசரதனிடம் ஏழையும் துணிப்பையில் போட்டு எடுத்துப் போனேன். அவர் அண்ணனோடு பள்ளியில் படித்தவர். எண் போகாமல் பேட்டரி மாற்ற வேண்டும் என்றதும் கேமைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு டார்ச் லைட்டுக்குப் போடும் பேட்டரி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கட்டி, இரண்டு ஒயர் இழுத்து, கேமின் பேட்டரித் தகட்டில் பற்றவைத்தார். வெளியிலிருந்து கரண்டு போய்க்கொண்டிருக்கும்போதே பழைய பட்டன் பேட்டரியைக் கழற்றிப் புதியதைப் போட்டார். எண் போகவில்லை.

“ஆஸ்பத்திரில குளுகோஸ் ஏத்தற மாதிரி” என்றார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு. “ஒன் அண்ணனுக்கு எழுது. அவன் ஸ்கோரு பொழச்சிக்கிச்சுனு.”

அதே தசரதன்தான் இந்த வருஷம் கேமைக் கேட்டார். தீபத்துக்குப் பத்து நாளும் ராட்டினத்துக்கும் மரணக் கிணற்றுக்கும் நடுவே ஒரு கடை போடப் போகிறாராம். ஒரு ஆட்டத்துக்கு அரை ரூபாய். மலையைச் சுற்ற வருகிற கூட்டத்தில் பிள்ளைகளுக்கா பஞ்சம்?

“வாடகைக்கு வேணாம் பரசு. ஒடஞ்சா பேச்சு வரும். மொத்தமா குடுத்துடு. நல்ல ரேட்டு தரேன்.”

நான் இதை அண்ணனுக்கு எழுதினேன். அண்ணன் கொதிப்பான், ‘என் கேம் மேல எவன் கைய வெச்சான்’ என்று இரண்டு பக்கம் திட்டி எழுதுவான், அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டலாம் என்பதுதான் திட்டம். பதில் அரைப் பக்கம் வந்தது.

‘பரசு, இங்கே கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள். லீவில் போனால் திரும்பக் கூப்பிடுவார்களா தெரியவில்லை. அதனால் இந்தத் தீபத்துக்கு வரவில்லை. எப்போது என்று இப்போது சொல்ல முடியாது. கேம் எல்லாம் சும்மா தூசிதானே அடைகிறது, தசரதனுக்கே கொடுத்துவிடு. நீ டைப்ரைட்டிங் சேர்ந்துகொள். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.’

பக்குவமாக எப்படிச் சொல்வது என்று எழுதவில்லை. “லீவு கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும்மா” என்றேன். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. புடைக்கிற சத்தம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியானது.

விற்றுவிடு என்று சொந்தக்காரனே எழுதிவிட்டான். ஆனால் விற்றால், வரமாட்டான் என்று நாங்களும் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். “ஆயுத பூஜை முடியட்டும்ணா, சொல்றேன்” என்று தசரதனைத் தள்ளிப்போட்டேன்.

ஆயுத பூஜையில் எங்கள் அம்மா காசியம்மாளுக்கு ஒரு முறை உண்டு. வேலை செய்கிற பொருள் எதுவானாலும் அன்று ஒருநாள் ஓய்வு. அரிவாள்மனை, அம்மி, தையல் மிஷின், சைக்கிள் எல்லாம் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ரேடியோவிலும் டார்ச் லைட்டிலும் பேட்டரியைக் கழற்றித் தனியாக ஒரு தட்டில் வைத்து, அதற்கும் பொட்டு வைப்பாள். “உள்ள பேட்டரி இருந்தா அது முழிச்சினுதான் இருக்கும். அதுவும் ஒரு நாள் படுக்கட்டும்” என்பது அவள் விஞ்ஞானம். நான் படிப்பதை நிறுத்துவதற்கு மட்டும் தனியாகப் பூஜை தேவைப்படவில்லை.

இதுவரை அலமாரியில் இருந்த கேமெல்லாம் அவள் கணக்கில் வேலை செய்யும் பொருளாக வரவில்லை. இந்த வருஷம் வந்துவிட்டன. நான் பொரிகடலை வாங்கிக்கொண்டு வந்தபோது ஏழும் பூஜையில் இருந்தன. நெற்றியில் ஏழு பொட்டு. பக்கத்துத் தட்டில் சட்டைப் பொத்தான் அளவில் பதினான்கு பேட்டரி, ஒவ்வொன்றிலும் கடுகளவு குங்குமம்.

“ரெண்டு வருஷமா ராவும் பகலும் மணி காட்டிச்சே, பாவம்” என்றாள் அம்மா. அவள் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்த்துவிட்டு நான் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

மறுநாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவளே பேட்டரியைத் திரும்பப் போட்டிருந்தாள். ஏழிலும் பன்னிரண்டு மணி.

“இன்னாடா இது, எல்லாத்துக்கும் ஒரே மாதிரி பன்னெண்டு காட்டுது?”

“தூங்கி எழுந்துருக்குதுல்ல, தெளியல” என்றேன். சுவர்க் கடிகாரம் காட்டியதில் இரண்டரை மணியைக் குறைத்து ஏழிலும் குவைத் நேரத்தை வைத்தேன். மணி அரை நிமிஷத்தில் சரியாகிவிட்டது. எண் அப்படிச் சரியாவதில்லை. அம்மா அடுப்படிக்குப் போனதும் தீயணைப்பு ஆட்டத்தின் இடது பொத்தானை அமுக்கிப் பார்த்தேன். பூஜ்யம். இன்னொருமுறை அமுக்கினேன். முதல்முறை சரியாகப் படவில்லையோ என்று.

அம்மாவிடம் சொல்லவில்லை. குளுகோஸ் ஏற்றிக் காப்பாற்றியதைக் குங்குமம் வைத்து முடித்துவிட்டாய் என்று எப்படிச் சொல்வது? தசரதன் கடைக்கு நடந்தேன். “நம்பரு அழிஞ்சி போச்சு. ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்கோங்கண்ணா” என்றேன். இனி வைத்துக்கொள்ளக் காரணம் ஏதும் இல்லை. ஏழு பிளாஸ்டிக் பெட்டி, அவ்வளவுதான்.

ஆனால் பூஜ்யத்தோடு அனுப்ப மனசு வரவில்லை. ஏழு எண்ணும் எனக்கு மனப்பாடம். பரீட்சைக்கு இப்படி ஏதாவது மனப்பாடம் ஆகியிருந்தால் என் சரித்திரமே வேறு. ஆறு நாளில் ஆறு கேமை ஆடினேன். ஒவ்வொன்றிலும் அண்ணன் விட்டுப்போன எண் வரைக்கும் போய், அங்கே நின்று, வேண்டுமென்றே தோற்றேன். ஆடி ஜெயிப்பதைவிட அது கஷ்டம். முட்டை பிடிக்கிற ஆட்டத்தில் ஒரு எண் தவறுதலாக அதிகமாகிவிட்டது. பேட்டரியைக் கழற்றி, மணி வைத்து, முதலிலிருந்து ஆட வேண்டியதாயிற்று.

தீயணைப்பு ஆட்டத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், தசரதன் வருவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது உட்கார்ந்தேன். அம்மா பக்கத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து மாமா அனுப்பிய வேர்க்கடலை, ஒரு சாக்கு. முந்நூறு தாண்டியதும் அவள் கை நின்றுவிட்டது.

“அங்க, அங்க! அந்த மூலைல குதிக்கறான் பாரு!”

“தெரியுதும்மா.”

“அந்த ஒல்லிக்காரன வுட்டுடாதடா.”

“எல்லாருமே ஒல்லிதாம்மா.”

“சோறு தண்ணி இல்லாம மாடில இருந்தா ஒல்லியாத்தான் இருப்பாங்க. புடி!”

அறுநூறில் என் உள்ளங்கை நனைந்துவிட்டது. எழுநூறில் அம்மா மூச்சு விடுவதைக் குறைத்துக்கொண்டாள். எழுநூற்று முப்பத்தெட்டு. நான் இரண்டு விரலையும் எடுத்தேன். படுதாக்காரர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஒருவன் விழுந்தான். இரண்டாமவன் விழுந்தான்.

“டேய் பாவி, கைய எடுத்துட்டியே!”

மூன்றாமவனும் விழுந்தான்.

“வேணும்னே வுட்ட. நான் பாத்தேன்” என்றாள். “நல்லாதானே புடிச்சினு இருந்த?”

“போதும்மா.”

“இன்னா போதும்?”

கேமை நீட்டினேன். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். நேராக இடது பொத்தானை அமுக்கினாள். அவளுக்கு அது தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

“எழுநூத்தி முப்பத்தெட்டு” என்றாள். கொஞ்ச நேரம் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. “வந்துடுச்சு.”

“ஒனக்கு எப்டிம்மா தெரியும்?”

“தெனம் வெளக்கேத்திட்டு மணிய மட்டுமா பாக்கறேன்? இதயும் ஒருவாட்டி அமுத்திப் பாப்பேன். அவன் கை வெச்சுட்டு போன நம்பராச்சே.” ஒரு மல்லாட்டையை எடுத்தாள், உடைக்காமல் திரும்பப் போட்டாள். “அன்னைக்கி பேட்டரிய போட்டுட்டு அமுத்தினேன். சைபரு வந்துச்சு. நானே அழிச்சிட்டனே. ஒனக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சிடுவியேனு வாய மூடிக்கினேன்.”

ஆக, ஒரே பூஜ்யத்தை ஆறு நாளாக இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மறைத்திருக்கிறோம். வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. தசரதன் ஒரு அட்டைப்பெட்டியோடு உள்ளே வந்தார். பெட்டிக்குள் பழைய தினசரிகளைக் கிழித்து மெத்தை போட்டிருந்தார். கவனமான மனிதர்.

“ரெடியா பரசு?”

“தசரதண்ணா, ஒங்க கடைல எவ்ளோ பசங்க ஆடுவாங்க?”

“தீபத்தன்னைக்கி மட்டும் ஐநூறு பேரு ஆடுவான்.”

“அதுல எவனாச்சும் ஒரு செங்கம் பையன் வந்து எழுநூத்தி முப்பத்தொம்பது எடுத்துடுவான்.”

“எடுத்தா எடுக்கட்டுமே.”

“எடுத்தா அண்ணன் இருக்க மாட்டான்.”

தசரதன் என்னைப் பார்த்தார். அம்மா கையிலிருந்த கேமைப் பார்த்தார். பூஜைக்கு மறுநாள் கடைக்கு வந்து நான் சொன்னதையும், இப்போது சொல்வதையும் மனசுக்குள் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும். கையை நீட்டி வாங்கி, அவரும் பொத்தானை அமுக்கினார்.

“திரும்ப ஏத்திட்டியா நீ?” என்றார். பிறகு, “சரி வுடு. சோளப்பொரி மிஷின் ஒண்ணு வாடகைக்கு வருதுன்னாங்க. அதப் பாக்கறேன்.”

“கோச்சிக்காதீங்கண்ணா. தீபம் முடிஞ்சதும் யோசிச்சு சொல்றேன்.”

“எந்த தீபம்?”

“அண்ணன் வர்ற தீபம்.”

“அதுக்கப்புறம் அவன் எனக்கு விப்பானா? போடா டேய்” என்று அட்டைப்பெட்டியைத் தூக்கினார். அம்மா அதை அவரிடமிருந்து பிடுங்கி, தினசரி மெத்தையின் மேல் மல்லாட்டையை வழிய வழியக் கொட்டிக் கொடுத்தாள். காலிப் பெட்டியோடு அவள் யாரையும் அனுப்பியதில்லை.

அவர் போனதும் கேமை அலமாரியில் அதன் இடத்தில் வைத்தேன். குவைத்தில் மணி இரண்டேகால். வெயிலில் நின்றுகொண்டிருப்பான். அண்ணன் கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை. ஒரு ஏர்மெயில் கவரையும் தாளையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

‘அன்புள்ள அண்ணனுக்கு, நலம். கேமை விற்கவில்லை. காரணம், அவை இப்போது உன்னுடையவை அல்ல. தீயணைப்பு ஆட்டத்தில் நேற்று நான் எழுநூற்று முப்பத்தொன்பது எடுத்துவிட்டேன். உன் ரெக்கார்டு போச்சு. சந்தேகம் இருந்தால் நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாம்.’

“சத்தமா படி” என்றாள் அம்மா. படித்தேன்.

“நீ எங்கடா தாண்டின? கைய எடுத்துட்டியே.”

“தாண்டலம்மா. சும்மா எழுதறேன். தாண்டினா அடுத்த பிளைட்ட புடிச்சு வருவேன்னு சொல்லிட்டுப் போனான்ல?”

அம்மா மல்லாட்டையை உரித்தபடி அலமாரியைப் பார்த்தாள். பொய் சொன்னால் வாயிலேயே போடுகிறவள் அவள். நான் தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

“ஒரே ஒரு ஆளு ஜாஸ்தின்னா, போனா போவுதுன்னு இருந்துடப் போறான்” என்றாள். “நூறு ஆளுனு போடு.”