உள்ளங்கையைக் கண்டால்

தன்னுடைய முகமே முப்பத்தோரு தடவை வரிசைகட்டி நிற்பதை எசென் செவ்வாய்க்கிழமை காலையில்தான் கண்டுபிடித்தார். வெளியே பனி பெய்யுமா என்று போனில் பார்க்கப் போனவருக்கு விரல் தவறிப் படங்கள் இருக்கும் இடம் திறந்துகொண்டது. எல்லாவற்றிலும் அதே சமையலறை, கீழ் ஓரத்தில் அதே சர்க்கரைக் கிண்ணம், நடுவில் கண்ணை மூடி இரண்டு கைகளையும் ஏந்தியபடி அவர். யாரோ எதிர் நாற்காலியில் உட்கார்ந்து வேளை தவறாமல் எடுத்ததுபோல் இருந்தது. ஆனால் எதிர் நாற்காலியில் உட்கார அந்த வீட்டில் ஆள் கிடையாது. இருப்பது அவரும் மனைவி புருலும்தான். புருல் எப்போதும் அவருக்குப் பக்கத்தில் உட்காருகிறவள், படங்களிலும் பக்கத்திலேயேதான் இருந்தாள்.

அந்த போன் வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. வந்ததே புருல் போலந்துக்குப் போகிறாள் என்பதற்காகத்தான். பிஷ்கெக்கில் அவள் இருபது வருடமாகத் துணி வெட்டிக்கொண்டிருந்த தையல்கூடத்தின் முதலாளியம்மா அங்கே போய்ப் புதிதாக ஒன்று தொடங்கியிருந்தாள். இரண்டு வருட வேலை, தங்க இடம், ஞாயிற்றுக்கிழமை விமானம். எசென் மின்கம்பியில் ஓடும் டிராலிபஸ் ஓட்டியவர். நகரத்தில் டிராலிபஸ் நின்று, கம்பிகளையும் கழற்றிக்கொண்டு போன பிறகு, பேருந்துக்கு மாற மனம் வராமல் வீட்டில் இருந்தார். ஆக, போக வேண்டியவள் அவள்தான் என்பதில் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்கவில்லை. உண்மையில் அவர்கள் பேசவும் இல்லை.

போனைத் தூக்கிக்கொண்டு, அதை வாங்கிய சுரங்கப்பாதைக் கடைக்குப் போனார். கடைக்காரி மய்ரம் ஐம்பதை நெருங்குகிறவள். அவளுக்குக் கண்ணாடி தலைமேல், வாய் எப்போதும் திறந்திருக்கும்.

"தங்கச்சி, எவனோ என்னைப் படம் எடுக்கறான்," என்றார் எசென், குரலைத் தாழ்த்தி.

மய்ரம் வாங்கிப் பார்த்தாள். ஒவ்வொன்றாகத் தள்ளினாள். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"அண்ணே, சாப்பிடும்போது முன்பக்கக் கேமராவைத் தொறந்து வச்சுக்கிறீங்களா?"

"நீதானே சொன்னே! அக்கா ஊருக்குப் போனப்புறம் பேசறப்போ வெறும் நெத்தி மட்டும் தெரியும், இப்பவே ஒக்காந்து பழகுங்கன்னு."

"சொன்னேன். ஆனா இதுக்கு உள்ளங்கையைக் காட்டினா மூணு எண்ணிட்டுத் தானே படம் எடுக்கற வசதி உண்டு. அதைச் சொல்லல. நீங்க கடவுளுக்குக் கை ஏந்தறீங்க, இது தனக்குத்தான்னு நெனச்சுக்குது. கிளிக் சத்தம் எரிச்சலா இருக்குன்னு அதையும் அணைக்கச் சொன்னீங்க. கண்ணையும் மூடிக்கறீங்க. பாவம், அதுவும் என்னதான் பண்ணும்?"

எசெனுக்கு வெட்கமாகவும், இனம் தெரியாத ஏமாற்றமாகவும் இருந்தது. யாராவது படம் எடுத்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

"இன்னொண்ணும் இருக்கு, பாருங்க," என்று மய்ரம் ஒரு படத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தாள். படத்துக்கு உயிர் வந்தது. மூன்று விநாடி. எசெனின் கைகள் முகத்தை நோக்கி நகர்ந்தன, அவருடைய குரலே கடையில் கேட்டது: '...போற கால் நல்லபடியா திரும்பட்டும், ஓமின்.' பிறகு மறுபடி அசையாமல் நின்றுவிட்டது. "இது இருக்கறது முக்காவாசிப் பேருக்குத் தெரியாது. செத்துப்போன அம்மா குரலை ஒருத்தர் இதுலதான் கண்டுபிடிச்சார், நம்ம கடையிலயே ஒக்காந்து அழுதார்."

மய்ரமிடம் ஒரு நோட்டு உண்டு. இன்னும் வராத, ஆனால் வந்தால் வாங்குவோம் என்று ஜனங்கள் கேட்கிற சாமான்களை எல்லாம் அதில் எழுதிவைப்பாள். எந்தக் கம்பெனியாவது தன்னிடம் வந்து கேட்கத்தான் போகிறது என்பது அவள் நம்பிக்கை. நாரின் மலைப் பக்கத்து ஆட்டிடையன் ஒருவன் குதிரையின் உடம்புச் சூட்டில் சார்ஜ் ஏறுகிற சேணம் கேட்டிருந்தான். புது மருமகள் ஒருத்திக்கு மாமியார் வரும்போது தானே மாவு டப்பாவைப் போல் மாறிவிடுகிற போன் உறை வேண்டும்.

"போன வாரம் ஒரு பொண்ணு வந்தா, புருஷன் கொரியாவில. இங்க அமுக்கினா அங்க அவன் மணிக்கட்டை அமுக்கற காப்பு வேணுமாம். அது வந்துரும் அண்ணே, ரெண்டு வருஷத்துல பாருங்க. ஒங்களுக்கு என்ன எழுதட்டும்?"

பேனாவைத் திறந்துகொண்டு காத்திருந்தாள். ரொட்டி வாசனை வருகிற கருவி என்று சொல்லலாமா என்று எசென் யோசித்தார். புருல் போன பிறகு ரொட்டி கடையில்தான் கிடைக்கும், வாசனைக்குக் கருவி எதற்கு? "யோசிச்சுச் சொல்றேன்," என்று வெளியே வந்தார்.

பழைய டிராலிபஸ் நிறுத்தத்தின் பலகையில் உட்கார்ந்து படங்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். முதலில் தன் குரலைக் கேட்கத்தான் அழுத்தினார், அவ்வளவு மோசமில்லை என்று திருப்தியும் பட்டுக்கொண்டார். ஐந்தாவதிலோ ஆறாவதிலோதான் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தார். புருல் கை ஏந்தவில்லை. அவளுடைய கைகள் மேசைத் துணியின் தொங்கும் ஓரத்தை விளிம்புக்கு மேல் இழுத்து வைத்திருந்தன. கட்டைவிரலையும் நடுவிரலையும் விரித்து, துணியைச் சாண் சாணாக அளந்துகொண்டிருந்தாள். அடுத்த படத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். முப்பத்தொன்றில் ஒன்றில்கூட அவள் கை மேலே வரவில்லை, உதடு அசையவில்லை.

அதைவிட அவரைத் திகைக்கவைத்தது, ஆசியின் முடிவில் 'அப்படியே ஆகட்டும்' என்று எல்லாரும் சொல்கிற ஓமின்தான். முப்பத்துநான்கு வருடமாக, சாப்பிட்டு முடித்து அவர் ஆசி சொன்னதும் பக்கத்தில் அவளும் ஓமின் சொல்வதைக் காதாரக் கேட்டதாகவே அவர் நினைவு. அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்றுகூடச் சொல்வார், கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் மூக்கில். போனில் ஒரே ஒரு குரல்தான் இருந்தது. கருவிக்குக் காது மந்தமோ என்று ஒலியைக் கூட்டிப் பார்த்தார். தேநீர் கொதிப்பது கேட்டது. மாடிவீட்டுக் குழந்தை ஓடுவது கேட்டது. அவள் குரல் கேட்கவில்லை.

போகப் பிடிக்கவில்லையா? பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே. ஒருவேளை ரொம்பப் பிடித்திருக்கிறதோ, அது வெளியே தெரிந்துவிடும் என்று பயமோ. அல்லது வேளைக்கு ஒரு தடவை வழியனுப்புகிற கணவன்மேல் கோபமோ. இல்லை, வெறுமனே தையல்காரியின் கைப்பழக்கமா? எந்த முனையைப் பிடித்து இழுத்தாலும் இன்னொரு முடிச்சு விழுந்தது. தான் எதற்காக மூன்று வேளையும் விடாமல் ஆசி சொன்னோம் என்று நினைத்தபோது மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக இருந்தது, அது அவருக்குப் பிடிக்கவில்லை. வாயைச் சும்மா வைத்திருந்தால் அது 'போகாதே' என்று சொல்லிவிடும். அதற்குப் பயந்துதான் சொன்னார்.

மதியம் சூப்பை ஊற்றிக்கொண்டிருந்தவளிடம் கேட்டுப்பார்த்தார்.

"புருல், ஒனக்குப் போக இஷ்டந்தானே?"

"டிக்கெட் எடுத்தாச்சே."

"அதைக் கேக்கல."

"அப்ப எதைக் கேக்கறீங்க?"

"ஓமின் சொல்றியா நீ?" என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது, உளவு பார்த்தவன்போல் ஆகிவிடுமே என்று விழுங்கினார்.

"எனக்கு நெறைய ஆசி சொல்லியாச்சு நீங்க," என்றாள் அவள், கரண்டியைக் கழுவியபடி. "நான் நடக்கறதுக்கு முந்தியே அந்தப் பாதை தேஞ்சு போயிருக்கும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவர் மாலைவரை யோசித்தார். அன்று இரவு சாப்பிட்டு முடித்துக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே ஆசி சொன்னார். புருல் அவரைப் பார்த்தாள், உடனே இரண்டு கைகளையும் ஏந்தினாள், ஓமின் என்றாள். கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் மூக்கில். அவருக்கு முன்னைவிடக் குழப்பம் அதிகமானது.

சனிக்கிழமை பகல் விருந்து. புருலின் அண்ணன் ஷார்ஷென் காரா-பால்டாவிலிருந்து ஆட்டின் தொடையோடு வந்துவிட்டார். அவருடைய மனைவி, கீழ்வீட்டுத் தம்பதி, தையல்கூடத்துத் தோழி ஒருத்தி. பொர்சோக் என்கிற பொரித்த மாவுத் துண்டுகள் மேசை முழுக்கக் கொட்டிக் கிடந்தன. நாளைக்குப் போகிறவளே ஓடியாடிப் பரிமாறினாள், உட்காரு என்று எல்லாரும் சொல்லச் சொல்ல எழுந்தாள். எல்லாரும் ஒரே படத்தில் விழட்டும் என்று எசென் போனைச் சர்க்கரைக் கிண்ணத்துக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தார். மய்ரமிடம் கேட்டு அந்த வசதியை நிறுத்தியிருக்கலாம். கடைக்கு இரண்டு தடவை போனார், இரண்டு தடவையும் கேட்காமல் திரும்பினார்.

சாப்பாடு முடிந்தது. புருலும் ஒருவழியாக அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மூத்தவர் ஷார்ஷென், அவர்தான் ஆசி சொல்ல வேண்டும். அவரோ கையை வீசினார்.

"நான் என்னத்தச் சொல்ல? பொண்டாட்டிய அனுப்பறவன் நீ. நீயே சொல்லு மாப்ளே, வழி தெறக்கட்டும்."

எல்லாரும் கைகளை ஏந்தினார்கள். திரையில் பத்து உள்ளங்கைகள் வெளுப்பாக எழுந்தன. மூன்று என்று வந்தது. எசென் வாயைத் திறந்தார்.

"பாதை..."

இரண்டு. மனப்பாடமான வாக்கியம்தான், முப்பது தடவைக்குமேல் சொன்னதுதான். அடுத்த வார்த்தை வரவில்லை. தன் கைகள் இன்னும் மடியிலேயே கிடப்பதை அவர் அப்போதுதான் கவனித்தார். தூக்க நினைத்தார். அவை மேசைத் துணிக்கு அடியில் நகர்ந்து, பக்கவாட்டில், துணியின் தொங்கும் ஓரத்தைப் போய்ப் பிடித்துக்கொண்டன.

ஒன்று. திரை ஒருமுறை சிமிட்டியது. அதில் ஐந்து பேர் கை ஏந்தியிருந்தார்கள். நடுவில் இருந்த இரண்டு பேருக்கும் கைகளே இல்லை.

"என்ன மாப்ளே, மறந்துட்டியா?" என்றார் ஷார்ஷென். ஓமின் வராமல் யாராலும் கையை இறக்க முடியாது. தோழியின் கை தளர்ந்து தாழ்ந்தது, அவசரமாக மறுபடி தூக்கினாள். அதைப் பார்த்துப் போன் திரும்பவும் மூன்றிலிருந்து எண்ணத் தொடங்கியது.

எசென் புருலைத் திரும்பிப் பார்க்கவில்லை. துணிக்கு அடியில் அவள் பக்கமிருந்து ஒரு சாண் வந்தது. இன்னொரு சாண் வந்தது. அடுத்த சாணுக்கு விரிந்த விரல்கள் துணியைப் பிடித்திருந்த அவருடைய மணிக்கட்டில் ஏறி, அங்கேயே நின்றன.