மாதிரி வீட்டுச் சாவி

ரகுநாத்துக்கு நஷ்டமாம். சொல்லிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டான். ஏர்கோன் காரிலிருந்து அப்போதுதான் இறங்கிய ஆளுக்கு அப்படி என்ன வியர்வையோ!

"எல்லாருக்கும் அடிதாம்மா. பங்கு போட்டவங்க காச திருப்பிக் கேக்கறாங்க, பேங்க் கடன நிறுத்திருச்சி. புரோஜெக்ட் படுத்துருச்சி லா. நெலத்த வித்தே ஆவணும். வாங்கறவன் காலி நெலமாத்தான் கேப்பான். மாசக் கடைசிக்குள்ள நீங்களும் நீங்க இருக்கற உர ஸ்டோர காலி பண்ணிருங்க."

"நாங்க எங்க தம்பி போறது?" என்றேன்.

"கொஞ்சம் பொறுத்துக்கங்கம்மா. நஷ்டத்த எல்லாரும் சேந்துதான் சொமக்கணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "லாபம் வந்திருந்தா எங்களுக்கு எல போட்டிருப்பியா? நஷ்டத்துக்கு மட்டும் பந்திக்குக் கூப்புடுற?" என்று கேட்டேன். அவன் காரில் ஏறிப் போய்விட்டான்.

சிரம்பான் பக்கத்தில் சுவா என்று ஒரு சின்ன ஊர், அதை ஒட்டி இருக்கிறது எங்கள் தோட்டம். பெயர் கேட்காதீர்கள், பெயர்ப்பலகையையே பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். சிரம்பானில் இருக்கும் இந்த ரகுநாத், கோலாலம்பூர் டாக்டர்கள், சிங்கப்பூர்க்காரர்கள் என்று ஊர்ப்பட்ட பேரிடம் பணம் திரட்டித் தோட்டத்தை வாங்கினான். எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களைச் சாய்த்துவிட்டு வில்லா கட்டுவதாகத் திட்டம். வில்லாவுக்குச் சாலை வேண்டுமே! அந்தச் சாலை நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளின் மேல்தான் போயிற்று. ஒரு வருஷத்தில் ஆளுக்கொரு வீடு என்று சொல்லி, நான்கு குடும்பங்களையும் பழைய உர ஸ்டோரில் கொண்டுபோய்ப் போட்டான்.

உரத்தை அள்ளிப்போய் எத்தனையோ காலமாகிறது, நெடி மட்டும் போகவில்லை. என் வீட்டுக்காரர் அர்ச்சுனனுக்குப் பூச்சிமருந்து அடித்தே கெட்டுப்போன நெஞ்சு. ஸ்டோருக்கு வந்தபிறகு சிரித்தால்கூட இருமல் பிடித்துக்கொள்ளும், விடாது. ஊரையே நக்கலடித்துக்கொண்டிருந்த மனிதர் சிரிப்பதையே விட்டுவிட்டார். "மொதல்ல அந்த இடத்த விட்டு அவர வெளிய கொண்டு போங்க, இல்லாட்டி மருந்து வேலை செய்யாது" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். எனக்கு எந்த வில்லாவும் வேண்டாம். அந்த மனிதர் மூச்சு விட ஒரு கூரை வேண்டும், அவ்வளவுதான்.

இடிந்துபோன லயத்துக்கு எதிரிலேயே ஒரு மாதிரி வீடு கட்டி வைத்திருந்தான். பணம் போட்டவர்களுக்குக் காட்டுவதற்காக. அதன் திறப்பு விழாவுக்குத் தோட்டத்து அம்மா ஒருத்தி தேவைப்பட்டாள், என்னைப் பிடித்தான். பால் காய்ச்சச் சொன்னான். நன்றாகக் கிழக்குப் பார்த்துப் பொங்கியது. சாவியை என் கையில் வைத்து, வீடியோ கேமராவைப் பார்த்து, "மொத வீடு நம்ம பஞ்சாலை அம்மாவுக்குத்தான்!" என்றான். எல்லாரும் கைதட்டினார்கள்.

கேமரா நின்றதும் அவன் ஆபீஸ் ஆள் நிர்மல் சாவிக்குக் கை நீட்டினான்.

"பால் காய்ச்சி வாங்குன சாவி. திருப்பிக் குடுத்தா எடம் வெளங்காது தம்பி" என்றேன்.

நிர்மல் திரும்பி ரகுநாத்தைப் பார்த்தான். ரகுநாத் நல்ல நேரம் பார்க்காமல் ஒரு ஆணிகூட அடிக்க மாட்டான். "சரி, அம்மாவே வச்சிக்கட்டும் லா, நம்மகிட்ட இன்னொண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அந்தச் சாவி சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்தது.

இப்போது அவன் கார் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் அதை எடுத்தேன். பக்கத்துக் குடும்பத்து அகதா என் கையைப் பிடித்தாள்.

"அடியே பஞ்சாலை, போலீஸ் வந்தா?"

"வரட்டுமே. வீடு யாருதுன்னு ஊரே கைதட்டிச்சே!"

நான்கு குடும்பமும் பாயைச் சுருட்டிக்கொண்டு குடிபுகுந்தோம். உள்ளே போய்ப் பார்த்தால், அட கடவுளே! டிவி அட்டை. அலமாரியில் இருந்த புத்தகங்களும் அட்டை. தட்டிலிருந்த ஆப்பிளை என் வீட்டுக்காரர் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார், பிளாஸ்டிக். கூடத்தில் அகதா இயேசுவை மாட்டினாள், நான் பக்கத்திலேயே மாரியம்மனை மாட்டினேன். கக்கூஸ் பளிங்கு மாதிரி இருந்தது, ஆனால் குழியும் இல்லை, பைப்பும் இல்லை. இத்தனை படித்தவர்கள் பணம் போட்டார்களே, ஒருத்தராவது ஃபிளஷ்ஷை அமுக்கிப் பார்த்தாரா? அகதாவின் புருஷன் எட்மண்ட் மற்ற ஆண்களைச் சேர்த்துக்கொண்டு குழி வெட்டிப் பைப்பு போட்டார்.

அடுத்த வாரம் ரகுநாத் நிலம் வாங்குகிறவரை அழைத்துவந்தான். கோலா பிலாவிலிருந்து ஒரு சீன முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே. வாசலில் என் கைலி காய்வதைப் பார்த்ததும் ரகுநாத்தின் முகம் கறுத்துவிட்டது.

"என்னாம்மா அநியாயம் இது! வெளம்பரத்துக்குக் கட்டுன வீடு! ஒங்களோடது இல்ல!"

அகதாவின் மகள் ஜோசலின், ரகுநாத் விளம்பரத்துக்குப் போட்ட திறப்பு விழா வீடியோவைப் போனில் ஓடவிட்டு, சத்தமில்லாமல் தவுக்கேயிடம் நீட்டினாள். பால் பொங்கியது, சாவி கைமாறியது, ரகுநாத் பல்லைக் காட்டினான். தவுக்கே மறுபடியும் ஓட்டிப் பார்த்தார். இது நீதானே என்று மலாயில் கேட்டார்.

"அது... மார்க்கெட்டிங், தவுக்கே."

நான் முன்னால் வந்தேன். எனக்குத் தெரிந்த மலாயில் போட்டு உடைத்தேன். நாங்கள் பங்கு போடவில்லை, பங்கு கேட்கவுமில்லை. சாலைக்காக எங்கள் கூரையைப் பிரித்தார்கள். ரகுநாத் நிலம் வாங்கிய அன்றைக்கே பங்குப் பணத்தில் தன் கமிஷனை எடுத்துக்கொண்டார். மிச்சமிருக்கும் செம்பனையில் பழம் அழுகிக் கிடக்கிறது, வெட்ட ஆள் நாங்கள்தான். அப்புறம் ரகுநாத் பக்கம் திரும்பினேன்.

"உப்பத் தின்னவன் தண்ணி குடிக்கணும் தம்பி. நீ தின்ன உப்புக்கு நாங்க எதுக்குக் குடிக்கணும்?"

தவுக்கே தோப்பைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். வில்லா எல்லாம் தனக்கு வேண்டாம், செம்பனைதான் வேண்டும் என்றார். தகராறு உள்ள நிலத்தில் கையெழுத்துப் போட மாட்டேன், ஆள் இல்லாத தோட்டத்தையும் வாங்க மாட்டேன். சாலை ஓரத்தில் நான்கு வீடு கட்டி, இவர்கள் பேரில் எழுதிக் கொடுத்துவிட்டு வா, உன் செலவில், என்று ரகுநாத்திடம் சொன்னார்.

"தவுக்கே, எனக்கே நஷ்டம்..."

"கொஞ்சம் பொறுத்துக்க தம்பி" என்றேன் நான். எட்மண்ட் குபீரென்று சிரித்துவிட்டார்.

ரகுநாத் வேறு ஆள் தேடினான். கெமாஸ் வரைக்கும் அலைந்தான், ஒருத்தரும் சிக்கவில்லை. நாங்களும் அந்த வீட்டை விட்டு அசையவில்லை. கடைசியில் வழிக்கு வந்தான். சின்ன வீடுகள்தான், ஆனால் பத்திரம் எங்கள் பேரில். கட்டி முடிவதற்குள் அவனுடைய பெரிய கார் போய்விட்டிருந்தது.

சாவி கொடுக்கும் நாளன்று ஒரு பழைய காரில் வந்திறங்கினான். பந்தல் இல்லை, கைதட்ட ஆள் வரவில்லை. இந்த முறை வீடியோ எடுத்தது எங்கள் ஜோசலின். நான்கு சாவியையும் அவன் கையாலேயே கொடுக்க வைத்தேன். முடித்துவிட்டு மெல்ல இழுத்தான்.

"அந்த மாதிரி வீட்டுச் சாவிம்மா... திருப்பிக் குடுத்தா வெளங்காதுன்னீங்க..."

"இனிமே வெளங்காமப் போறதுக்கு என்னா இருக்கு? இந்தா." அவன் சாவியைப் பிடித்தான், நான் விடவில்லை. "கக்கூஸுக்குக் குழி வெட்டுனோமே, பைப்பு போட்டோமே, அதுக்குக் கூலி?"

தவுக்கே தோட்டத்து ஆட்களோடு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். ரகுநாத் பர்ஸை எடுத்தான்.

"பாவம், தவணையில வாங்கிக்கடி!" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். பழைய சிரிப்பு, தோப்பு முழுக்கக் கேட்டிருக்கும். ஓடிப்போய் அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு இருமலுக்காகக் காத்து நின்றேன். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். இருமல் வரவில்லை.